ஆறாத ஜமுக்காளம்

எந்த ஊர் என்று கேட்டால் பவானி என்று சொல்லிவிடுவேன், எந்தத் தெரு என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தத் தெருக்காரர்கள் எல்லாரும் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள், நாளைக்கு நான் அவர்கள் முகத்தில் முழிக்க வேண்டும். அங்கே வீட்டுக்கு ஒரு ஜமுக்காளமாவது இருக்கும், கைத்தறியில் நெய்து கல்யாணச் சீரோடு வந்த ஜமுக்காளம். ஆனால் அதை வைத்துக்கொள்ளத் தெரிந்தவள் யார் என்று கேட்டால் தெருவே ஒரு வீட்டைத்தான் கை காட்டும், அது துளசிமணி வீடு. கூட்டுகிற தென்னமாறை நெசவின் போக்கிலேயே இழுக்கோணும், குறுக்கே இழுத்தால் நூல் கிளம்பிவிடும் என்பாள். மாசத்துக்கு ஒரு தடவை தலைமாடு கால்மாடாகத் திருப்பிப் போடாவிட்டால் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்துபோகும் என்பாள். மடித்து வைத்தால் மடிப்பில் விட்டுப்போகும், சுருட்டித்தான் வைக்கோணும், சுருட்டும்போது உள்ளே வசம்பும் காய்ந்த நொச்சி இலையும் போடோணும் என்பாள். குழம்பு சிந்தினால் தேய்க்காதே, ஒத்தி எடு என்பாள். சோப்புத்தூள் என்று யாராவது வாயெடுத்தால் அவளுக்குப் பொல்லாத கோபம் வரும், பூந்திக்கொட்டையை முந்தின நாளே ஊறப்போட்டு அந்த நுரையில்தான் துவைப்பாள், காயப்போடுவதும் நிழலில்தான், கயிற்றில் தொங்கவிட்டால் ஈரக் கனத்தில் இழுத்துக்கொள்ளும் என்று கயிற்றுக் கட்டிலின்மேல் பரப்பித்தான். இருபத்தாறு வருஷத்தில் அவளுடைய ஜமுக்காளத்தில் ஒரு சொட்டுச் சாயம் இறங்கினதில்லை.

அவள் புருஷன் சென்னியப்பன் டவுன் பஸ் டிரைவர். விடியற்காலை ஷிப்டுக்குப் போய், பகல் இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுக் கை கழுவிய ஈரத்தோடு பேப்பரை எடுத்துக்கொண்டு ஜமுக்காளத்தில் உட்காருவார். சுவரிலிருந்து மூன்றாவது செவப்புப் பட்டை, அதுதான் அவர் இடம். பஸ்ஸில் என்ஜின் சூட்டின்மேல் எட்டு மணி நேரம் உட்கார்ந்து வந்த மனுஷன், வீட்டிலும் உட்காரத்தான் செய்வார், அதற்கு என்ன செய்வது. ஆனால் துளசிமணிக்கு ஜமுக்காளம் உதறுகிற நேரமும் அதேதான்.

ஆடி மாசத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காற்று வீட்டுக்குள் மண்ணை அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தது, துளசிமணி தென்னமாறோடு வந்து நின்றாள்.

"ஏனுங்க, எந்திரிங்க. ஜமுக்காளத்தை உதறோணும்."

"செத்த நேரம் இரு அம்மிணி. இந்தப் பக்கத்தைப் படிச்சுப்போட்டு எந்திரிக்கறேன்."

"நீங்க எந்திரிக்கறதுக்குள்ள பொழுதே போயிரும். எந்திரிங்க."

எழுந்துவிட்டார். பேப்பரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலுக்குப் போய், அடிகுழாய்ப் பக்கத்துக் கல்லில் உட்கார்ந்தார், அப்படியே சாய்ந்தார். துளசிமணி ஜமுக்காளத்தின் ஒரு முனையைப் பிடித்து வாசல்வரை இழுத்து வருவதற்குள் எல்லாம் முடிந்துபோயிருந்தது. செத்த நேரம் என்ற வார்த்தையை நான் வேண்டுமென்று போட்டேன் என்று நினைக்காதீர்கள், பாவம், மனுஷன் அதைத்தான் கேட்டார். நெஞ்சடைப்பு, உட்கார்ந்திருந்தாலும் வந்திருக்கும், நின்றாலும் வந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். துளசிமணி நம்பவில்லை. உட்கார்ந்திருந்தால் உட்கார்ந்தேதான் இருந்திருப்பார் என்று அவளுக்குப் பட்டது. எப்படி அம்மிணி ஆச்சு என்று வந்தவர்கள் ஒவ்வொருத்தராகக் கேட்டபோது, "அவராத்தான் எந்திரிச்சுப் போனாருங்க" என்று சொல்லிவிட்டாள், ஒரு தடவை சொன்னதை அப்புறம் மாற்ற முடியவில்லை.

மூன்றாம் நாள் வீட்டிலுள்ள துணியெல்லாம் தண்ணீர் பார்க்க வேண்டும், அது வழக்கம். வாசல் திரைச்சீலை வரைக்கும் நனைத்து, கடைசியாக ஜமுக்காளத்தை நனைத்து, அப்புறம் புருஷன் கூடப் பிறந்தவள் தாலியறுத்தவளுக்குத் தலையில் தண்ணீர் ஊற்ற வேண்டும். அதோடு மூன்றாம் நாள் முடிந்தது, அடுப்பில் தாளிக்கலாம், வாசலில் கோலம் போடலாம், வந்த ஒறம்பரை சனம் ஊருக்குக் கிளம்பலாம். சென்னியப்பனின் அக்கா பாவாத்தாள், துளசிமணிக்கு நங்கையா, மாற்றுச்சீலை இரண்டோடு சத்தியமங்கலத்திலிருந்து வந்திருந்தாள். சுருட்டுவதற்காக ஜமுக்காளத்தின்மேல் கையை வைத்தவள் வெடுக்கென்று எடுத்தாள்.

"இதென்னடி இது, சுடுது."

மூன்றாவது செவப்புப் பட்டையில், ஒரு ஆள் சம்மணம் போட்டு உட்காருகிற அளவுக்கு, சூடு. நெருப்புச் சூடு இல்லை, ஜுரச் சூடும் இல்லை, உடம்புச் சூடு. பெண்கள் ஒவ்வொருத்தராக வந்து உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்கள். "இப்பத்தான் எந்திரிச்சுப் போன மாதிரி இருக்குது" என்றாள் பக்கத்து வீட்டு லோகாம்பாள், எல்லாரும் ஆமாம் என்றார்கள். வேறு ஊராக இருந்திருந்தால் அலறி அடித்துக்கொண்டு ஓடியிருப்பார்கள், இல்லையென்றால் அன்றைக்கே ஜமுக்காளத்தைக் கொண்டுபோய் ஆற்றில் விட்டிருப்பார்கள். இது ஜமுக்காளத்து ஊர். அவர்களுக்கு முதலில் வந்த கவலை சாயத்தைப் பற்றி. சூடாக இருக்கிற ஜமுக்காளத்தில் தண்ணீர் பட்டால் சாயம் இறங்கிவிடும், வெயிலில் கிடந்ததைக்கூட நிழலில் போட்டு ஆற வைத்துத்தான் நனைக்க வேண்டும், இது அங்கே நடக்கப் பழகுகிற குழந்தைக்கும் தெரியும். எதற்கும் கேட்டுவிடுவோம் என்று சாயக்காரர் அங்கமுத்துவைக் கூட்டிவந்தார்கள். நாற்பது வருஷம் சாயத் தொட்டியில் கையை விட்டு நகமெல்லாம் நீலமாகிப்போன மனுஷன், புறங்கையை வைத்துக் கண்ணை மூடிப் பார்த்தார்.

"ஆறட்டுமுங்க. ஆறுனதுக்கப்புறம் நனைங்க. இப்ப நனைச்சா செவப்புப் பூராவும் பச்சையில ஏறிப்போயிரும்."

அவ்வளவுதான், ஆறட்டும் என்று விட்டுவிட்டார்கள். எல்லா வினையும் அந்த ஒரு சொல்லில் வந்தது.

அது ஆறவில்லை. விசிறினார்கள், ஜன்னலைத் திறந்து வைத்தார்கள், தரையைத் தண்ணீர் விட்டுத் துடைத்து ஈரத்தின்மேல் விரித்தார்கள், தலைமாடு கால்மாடாகத் திருப்பிப் போட்டார்கள், சூடும் பட்டையோடு சேர்ந்து திரும்பி அந்தப் பக்கம் போனது. நாலாம் நாள் வந்தது, ஏழாம் நாள் வந்தது, ஆனால் துணி தண்ணீர் பார்க்காமல் மூன்றாம் நாள் எப்படி முடியும், மூன்றே முடியாமல் பதினாறு எங்கிருந்து வரும் என்று சடங்கு செய்கிற பண்டாரம் கேட்டார். ஆகவே துளசிமணி வீட்டில் மூன்றாம் நாள் நடந்துகொண்டே இருந்தது. ஆவணி பிறந்தபோதும் அங்கே மூன்றாம் நாள்தான், புரட்டாசி சனிக்கிழமைகளும் அங்கே மூன்றாம் நாள்தான். மூன்றாம் நாள் முடியும்வரை சாவு வீட்டில் தாளிக்கக் கூடாது, அக்கம்பக்கம்தான் சோறு கொண்டுவந்து கொடுக்க வேண்டும் என்பதால் தெருவே முறை வைத்துக்கொண்டது, திங்கட்கிழமை லோகாம்பாள் வீடு, செவ்வாய்க்கிழமை அங்கமுத்து வீடு என்று. ஒரு வீட்டில் உப்பு கூடும், ஒரு வீட்டில் புளி கூடும், யாரும் அலுத்துக்கொள்ளவில்லை. மூன்று நாளைக்கென்று வந்த நங்கையா இரண்டு சீலையையே மாற்றி மாற்றிக் கட்டிக்கொண்டு அங்கேயே இருந்தாள். மாரியம்மன் நோம்பி வந்தபோது, தெருவில் ஒரு வீட்டில் மூன்றாம் நாள் நடக்கையில் நோம்பி சாட்டலாமா என்று பெரியவர்கள் உட்கார்ந்து பேசி, அந்த வீட்டு வாசலில் மட்டும் வேப்பிலையைக் குறுக்கே கட்டிவிட்டு நோம்பியை நடத்தினார்கள்.

சூட்டைக் கண்டு பயந்தவர்கள் யாரும் இல்லை. சென்னியப்பன் இருந்தவரைக்கும் யாருக்கும் கெடுதல் நினைக்காதவர், ஸ்டாப் இல்லாத இடத்திலும் கை காட்டினால் நிறுத்துகிறவர், அவர் சூடு என்ன செய்துவிடும். முதலில் லோகாம்பாள்தான் வயிற்றுவலியில் கத்திக்கொண்டிருந்த பேரனைத் தூக்கிவந்து அந்தப் பட்டையில் குப்புறப் போட்டாள், பிள்ளை அரை நாழிகையில் தூங்கிப்போனது. அதைக் கேட்டு இன்னும் இரண்டு கைக்குழந்தைகள் வந்தன. முட்டிவலிக்காரர்கள் வந்தார்கள். மழை பிடித்து மாவு புளிக்காமல் போனபோது இட்லிமாவுப் பாத்திரங்கள் வந்தன, தயிருக்கு உறை ஊற்றிய சொம்புகள் வந்தன, அடைக்கோழி செத்துப்போன ஒருத்தி பதினோரு முட்டையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து வைத்து, இருபத்தொரு நாளில் ஒன்பது குஞ்சு எடுத்துக்கொண்டு போனாள். அப்புறம் அதற்கும் ஒரு முறை ஏற்பட்டது, காலையில் குழந்தைகள், வெயில் ஏறினதும் முட்டிகள், சாயங்காலம் பொழுதோட மாவும் தயிரும். எதை வைத்தாலும் வைப்பதற்கு முன்னால், "சென்னியப்பண்ணா, கொஞ்சம் நகந்துக்குங்க" என்று சொல்லிவிட்டு வைப்பார்கள், வைத்தபின் நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டும் போவார்கள். அவரோடு வேலை பார்த்த கண்டக்டர் வாரத்துக்கு ஒரு தடவை வந்து, பழைய பாலத்துக்குப் பக்கத்தில் ரோடு போட்டுவிட்டார்கள் அண்ணா, இப்போது குலுக்கலே இல்லை என்று பட்டையைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போவார்.

துளசிமணி ஒருத்திதான் அதன்மேல் கையை வைக்காதவள். சுவரை ஒட்டி ஒதுங்கி நடப்பாள், ஜமுக்காளத்தின் ஓரத்தைக்கூட மிதிக்க மாட்டாள். பாசம், தாங்க முடியவில்லை, பாவம் என்று தெரு சொன்னது. ஒவ்வொரு தடவையும் யாராவது நகந்துக்குங்க என்று சொல்லும்போது அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வாள், அது ஏன் என்று தெருவுக்குத் தெரியாது. அவர் கேட்ட நேரத்தை இப்போது எடுத்துக்கொண்டிருக்கிறார் என்று அவள் நினைத்தாள். செத்த நேரம் என்றால் எவ்வளவு என்று யார் கண்டார்கள், கேட்டவருக்குத்தானே தெரியும்.

அதைவிடக் கொடுமை, அழுக்கு. குழந்தைகள் ஈரம் பண்ணின, மாவு பொங்கி வழிந்தது, முட்டிவலித் தைலம் ஊறி ஊறிப் பச்சைப் பட்டை கறுத்தது, தெருமண் அவ்வளவும் அவர்கள் பாதத்தோடு உள்ளே வந்தது. ஒரு பருக்கை விழுந்தால் பொறுக்காத துளசிமணி தென்னமாறைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பாள். யாரையும் எந்திரி என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. அவர்களாக எழுந்து போனபிறகு ஓரத்தை மட்டும் கூட்டிவிட்டுப் போய்விடுவாள்.

அவளுக்கு ஒரே மகள், பிருந்தா, பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வைகாசியில் கோபிச்செட்டிபாளையத்துப் பையனுக்கு நிச்சயம் பண்ணியிருந்தார்கள், ஆவணியில் கல்யாணம் என்று பேச்சு. அப்பன் போன வருஷத்துக்குள்ளேயே மகளுக்குப் பண்ணிவிடலாம், அதில் தப்பில்லை, ஆனால் மூன்றாம் நாள் நடக்கிற வீட்டில் பந்தல்கால் எப்படி நடுவது. ஆவணி போய் ஐப்பசியும் வந்தது. பையனின் அம்மா ஒரு நாள் நேரிலேயே வந்து, தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல், "உங்க வருத்தம் எங்களுக்குப் புரியுதுங்க. தை வரைக்கும் பாப்போம். அதுக்குள்ள இந்த வீட்டுல தண்ணி தொட்டாச் சரி, இல்லீன்னா எங்களுக்கும் வேற வழியில்லீங்க" என்று பதமாகச் சொல்லிவிட்டுப் போனாள். அப்பன் செத்ததிலிருந்தே பிருந்தா அம்மாவிடம் அதிகம் பேசுவதில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், முட்டிகள் போய் மாவுகள் வருவதற்கு நடுவிலே இருக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில், சூட்டின்மேல் சுருண்டு படுத்துக்கொள்வாள், கண்ணை மூட மாட்டாள், அம்மா போகிற பக்கமெல்லாம் பார்த்துக்கொண்டே கிடப்பாள். துக்கம், ஆறட்டும் என்று துளசிமணியும் விட்டுவிட்டாள்.

கார்த்திகையில் அடுத்த தெருவில் ஒரு கல்யாணம். தெருவே போய்விட்டது, சாவு வீட்டுக்காரர்கள் மட்டும் போகக் கூடாது. நங்கையா உள்ளே படுத்திருந்தாள். வெகு நாளைக்கப்புறம் ஜமுக்காளத்தில் யாரும் இல்லாத நேரம், துளசிமணி மனசு கேட்காமல் அதன் மூலையைப் பிடித்துப் புரட்டிப் பார்த்தாள், பார்த்தவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அடிப்பக்கம் பூஞ்சைக்காளான் பூத்துக் கிடந்தது. சின்னச் சின்னதாக வெள்ளைப் புழு. முதல் செவப்புப் பட்டையில் நூல் அறுந்து சல்லடையாகியிருந்தது, இரண்டாவது பட்டையில் பாதி போயிருந்தது, பூச்சிகளுக்கும் சூடு பிடிக்கும் போலிருக்கிறது, மூன்றாவது பட்டையைப் பார்த்துத்தான் வரிசையாக வந்துகொண்டிருந்தன. துவைக்காமல் விட்டால் தை மாசத்துக்குள் அந்த இடமே இருக்காது, துவைத்தால் அந்தச் சூடு இருக்காது. எப்படிப் பார்த்தாலும் அவர் இல்லை.

நங்கையாவிடம் சொல்லிப் பார்த்தாள். "பூச்சி விழுந்துருச்சுங்க நங்கையா. தொவைச்சாகோணுமுங்க."

பாவாத்தாள் எழுந்து உட்கார்ந்தாள். "ஆறாம எப்படித் தொவைப்பே?"

"ஆறாதுங்க."

"ஆறாட்டிப் போகுது. என்ற தம்பி நிம்மதியா உக்காந்திருக்கறான். அவனை எந்திரின்னு சொல்றதுக்கு நீ ஆரு?"

நங்கையா ஒன்றும் தெரிந்து கேட்கவில்லை, வாயில் வந்ததைக் கேட்டாள். ஆனால் துளசிமணி வீட்டுக்குப் பின்னால் பொடக்காளிக்குப் போய், துவைக்கிற கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாவுக்காரிகளும் சும்மா விடவில்லை. இந்த மழையில் மாவை எங்கே கொண்டுபோய் வைப்பது, பிள்ளைக்கு வயிறு வலித்தால் யாரிடம் போவது என்று ஆளாளுக்கு நியாயம் பேசினார்கள். அங்கமுத்து மறுபடியும் வந்து புறங்கையை வைத்துப் பார்த்து, ஆறட்டுமுங்க என்று மறுபடியும் சொன்னார். ஒரு கல்யாணப்பெண் இந்த வீட்டில் இருக்கிறாள் என்பது அந்தப் பேச்சு முழுக்க ஒருத்தர் வாயிலும் வரவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் துளசிமணி இரண்டு படி பூந்திக்கொட்டையைத் தட்டி, கொட்டையை எடுத்துவிட்டு, தோலை அண்டாவில் ஊறப்போட்டாள்.

மறுநாள் சனிக்கிழமை. நங்கையா ஆற்றுக்குக் குளிக்கப் போயிருந்தாள், முட்டிவலிக்காரர்கள் வந்து போய்விட்டார்கள். பிருந்தா வழக்கம்போலச் சூட்டின்மேல் சுருண்டு கிடந்தாள். துளசிமணி எதிரே வந்து நின்றாள், தென்னமாறு இல்லாமல், வெறுங்கையோடு.

"கண்ணு, தொவைக்கோணும்."

"அப்பா?"

துளசிமணி தரையில் உட்கார்ந்தாள், ஜமுக்காளத்துக்கு வெளியே. "உங்கப்பன் தானா எந்திரிச்சுப் போகலை கண்ணு. நாந்தான் எந்திரிக்கச் சொன்னேன். இதை உதறோணும்னு. செத்த நேரம் இருன்னு கேட்டாரு. நான் குடுக்கலை."

பிருந்தா அசையவில்லை. "தெரியும்மா" என்றாள்.

"என்ன தெரியும்?"

"உள் ரூம்ல பரீட்சைப் பேப்பர் திருத்தீட்டு இருந்தேன். நீங்க ரெண்டு பேரும் பேசுனதெல்லாம் கேட்டுச்சு."

நாலு மாசமாக இதே வீட்டில், இதே சோற்றைப் பங்குபோட்டுச் சாப்பிட்டுக்கொண்டு, இவளுக்கும் தெரிந்திருக்கிறது. "ஒரு வார்த்தை நீ கேக்கலியே கண்ணு."

"நீயாச் சொல்லுவேன்னு இருந்தேன். வர்றவங்ககிட்டயெல்லாம் அவராத்தான் எந்திரிச்சுப் போனாருன்னு சொல்லிட்டே இருந்தே. தினமும் இங்க வந்து படுத்து, இன்னைக்குச் சொல்லுவா, இன்னைக்குச் சொல்லுவான்னு பாத்துட்டே இருந்தேன்."

"எம்மேல கோவமா?"

"ஆமா."

"இப்பவும்?"

"இப்பவுந்தான்." பிருந்தா எழுந்து உட்கார்ந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டே இருந்தது, குரல் மட்டும் வகுப்பில் கணக்குச் சொல்லித் தருகிற குரலாக இருந்தது. "அப்பா கேட்டது ஒரு பக்கம் படிக்கற நேரம். நாம நாலு மாசம் குடுத்தாச்சு. போதும். அந்தப் பக்கத்தைப் புடி, தூக்கலாம்."

இரண்டு பேருமாகச் சுருட்டித் தூக்கிக்கொண்டு பொடக்காளிக்குப் போனார்கள். துளசிமணிக்கு அப்போதுதான் அதைத் தொட்டே ஆக வேண்டியதாயிற்று, சுருட்டின மூட்டைக்குள்ளிருந்து சூடு அவள் தோளில் பட்டது. கல்தொட்டியில் இறக்கி, சாயம் நிற்பதற்குக் கல்லுப்பை ஒரு கை நிறைய அள்ளிப் போட்டு, கார்த்திகை மாசத்துக் குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டாள்.

தண்ணீர் பட்டதுதான் தாமதம், சாயம் இறங்கியது. அங்கமுத்து சொன்னது சொன்னபடி நடந்தது. செவப்பு கிளம்பிப் பச்சையில் ஏறியது, நீலத்தில் ஏறியது, தொட்டி முழுக்கச் செவேலென்று ஆனது. இருபத்தாறு வருஷம் காப்பாற்றின சாயம். துளசிமணி சீலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கி, பூந்திக்கொட்டை நுரையை ஊற்றி, நெசவின் போக்கிலேயே மிதித்தாள். ஒரு தலையிலிருந்து மறு தலைக்கு, மறு தலையிலிருந்து இந்தத் தலைக்கு. அவள் காலுக்கடியில் தண்ணீர் சூடேறிக்கொண்டு வந்தது. முதலில் பாதத்துக்குத் தெரிந்தது, அப்புறம் கெண்டைக்காலுக்குத் தெரிந்தது, அப்புறம் தொட்டியின் மேலே லேசாக ஆவி எழும்பிற்று. குளிக்கிற பதத்துக்கு வெந்நீர். அழுக்கும் புழுவும் தைலமும் மாவும் அதோடு மிதந்து வந்தன, செவப்புத் தண்ணீர் பொடக்காளித் தூம்பு வழியாகத் தெருச் சாக்கடையில் போய் விழுந்தது. அதைப் பார்த்துத்தான் தெரு ஓடிவந்தது.

பொடக்காளிப் படலுக்கு வெளியே மாவுப் பாத்திரத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பெண்கள் கூடிவிட்டார்கள். அவர்களை விலக்கிக்கொண்டு, ஈரச்சீலையைத் தோளில் போட்டுக்கொண்டு, நங்கையா வந்தாள். என்ன காரியம் பண்ணினே என்று கேட்பதற்குத்தான் வாயைத் திறந்தாள். ஆவியைப் பார்த்தாள். குனிந்து தொட்டிக்குள் கையை விட்டாள், முழங்கைவரைக்கும் விட்டாள், விட்ட கையை எடுக்காமல் வெகு நேரம் அப்படியே நின்றாள்.

"எந்தம்பி" என்றாள், யாரிடமும் இல்லாமல்.

துளசிமணி தொட்டிக்குள் நின்றபடியே, "நாந்தானுங்க நங்கையா அவரை எந்திரிக்கச் சொன்னேன்" என்றாள். படலுக்கு வெளியே நின்றவர்கள் எல்லாருக்கும் அது கேட்டது. நங்கையா அவளை நிமிர்ந்து பார்த்தாள். திட்டுவாள் என்று லோகாம்பாள் நினைத்தாளாம், அடித்தாலும் அடிப்பாள் என்று நினைத்தாளாம். பாவாத்தாள் முந்தானையை இழுத்துச் செருகினாள், குழாயடியில் கிடந்த சொம்பை எடுத்தாள், துளசிமணியின் கையைப் பிடித்து வெளியே இறக்கித் துவைக்கிற கல்லில் கிழக்கே பார்க்க உட்கார வைத்தாள். தொட்டியிலிருந்து மொண்டு அவள் தலையில் ஊற்றினாள்.

சூடான தண்ணீர். அது உச்சந்தலையில் விழுந்து, காது வழியாக இறங்கி, தோளில் கொஞ்ச நேரம் நின்று, முதுகில் ஓடியது. துளசிமணி கண்ணை மூடிக்கொண்டாள். நங்கையா ஒரு சொம்பு அவளுக்கு ஊற்றினாள், ஒரு சொம்பு பிருந்தாவைக் கூப்பிட்டு அவளுக்கு ஊற்றினாள், ஒரு சொம்பு தன் தலையிலேயே ஊற்றிக்கொண்டாள், மறுபடியும் துளசிமணிக்கு ஊற்றினாள். செவப்புத் தண்ணீர் மூன்று பேர் சீலையிலும் இறங்கியது. வெளியே நின்றவர்கள் யாரும் போகவில்லை. ஊற்ற ஊற்றத் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது, குழாயைத் திறந்தால் ஆறிவிடுமே என்று பிருந்தா குழாயைத் திறக்காமல் நின்றாள். தொட்டியின் அடியில் சொம்பு கரகரவென்று உரசியது. அந்தச் சொம்புத் தண்ணீர் தலையில் விழுந்ததும் துளசிமணிக்கு உடம்பு தூக்கிவாரிப்போட்டது. அது பச்சைத்தண்ணீர்.

"ஆறிருச்சு அம்மிணி" என்றாள் நங்கையா.

அப்புறம் குழாயைத் திறந்து நல்ல தண்ணீர் விட்டு அலசினார்கள், மூன்று தடவை, தண்ணீர் தெளிகிற வரைக்கும். ஈர ஜமுக்காளம் என்ன கனம் கனக்கும் என்று தூக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மூன்று பெண்களால் முடியவில்லை, படலைத் திறந்துகொண்டு லோகாம்பாளும் இன்னும் இரண்டு பேரும் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு வந்து பிடித்தார்கள். வேப்பமரத்து நிழலில் கயிற்றுக் கட்டில் இரண்டைச் சேர்த்துப் போட்டு, அதன்மேல் சுருக்கம் இல்லாமல் பரப்பினார்கள். பரப்பிவிட்டு நின்று பார்த்தார்கள். பட்டை எதுவும் பட்டையாக இல்லை. செவப்பு பச்சைக்குள் போய், பச்சை நீலத்துக்குள் போய், ஒரு தலையிலிருந்து மறு தலைவரைக்கும் எல்லாம் ஒரே மங்கலாகக் கலந்து கிடந்தது.

துளசிமணி ஒரு ஓரத்திலிருந்து உள்ளங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். இத்தனை மாசம் தொடாதவள், இப்போது ஒரு சாண் இடம்கூட விடாமல் தொட்டாள். எல்லா இடமும் ஈரம், எல்லா இடமும் ஒரே மாதிரி ஜில்லென்று இருந்தது. மறு ஓரம்வரை போய்விட்டு, மறுபடியும் முதலிலிருந்து வந்தாள்.

நங்கையா பக்கத்தில் வந்து நின்றாள். அவளும் கையை நீட்டினாள், எங்கே வைப்பது என்று தெரியாமல் நீட்டியபடியே நிறுத்தினாள்.

"அவன் உக்காந்த இடம் எது அம்மிணி?"

துளசிமணி பார்த்தாள், இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரைக்கும் பார்த்தாள்.

"தெரியலீங்க நங்கையா" என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது, நாலு மாசத்து அழுகை, கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு தெருவே கேட்கிற மாதிரி அழுதாள், யாரும் அவளைப் போதும் என்று சொல்லவில்லை.